33,345 பிழைகள், ஓர் ஓட்டுநர்: மெலனோமாவில் நடந்த தேடல்

2011ஆம் ஆண்டு ஓர் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்விதழில் வெளியான மூன்று புகைப்படங்களைப் புற்றுநோய் மரபியல் படித்தவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். மூன்றிலும் இருப்பவர் ஒரே மனிதர், நாற்பது வயதைத் தொடாதவர். முதல் படத்தில் அவர் உடல் முழுவதும் தோலுக்கடியில் கட்டிகள் புடைத்து நிற்கின்றன. தோலின் நிறமிச் செல்களில் தொடங்கும் மெலனோமா என்ற புற்றுநோய் பரவிவிட்ட நிலை அது. இரண்டாவது படம், மாத்திரை தொடங்கிப் பதினைந்து வாரம் கழித்து எடுத்தது. கட்டிகள் ஏறத்தாழ ஒன்றும் இல்லை. நோயே வராத மனிதரின் உடல் போலிருக்கிறது. மூன்றாவது படம் இருபத்து மூன்றாவது வாரம். கட்டிகள் திரும்பி வந்துவிட்டன, பெரும்பாலும் பழைய இடங்களிலேயே.

முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மரபணு எழுத்தைக் குறிவைத்த மருந்து. ஒரு மெலனோமாக் கட்டியில் பல்லாயிரம் எழுத்துப் பிழைகள் இருக்கும்போது, இந்த ஒன்றுதான் நோயை ஓட்டுகிறது என்று எப்படித் தெரிந்தது? தெரிந்து அடித்த பிறகும் எட்டே வாரத்தில் ஏன் எல்லாம் திரும்பின? இரண்டும் தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றினாலும் ஒரே தேடலின் இரு முனைகள்தான். அந்தத் தேடல் எங்கே சரியாகப் போயிற்று, எங்கே வழி தவறிற்று என்பதை இங்கே பார்க்கிறேன். வழி தவறிய இடங்களுக்குக் கூடுதல் இடம் தரப்போகிறேன். அவற்றிலிருந்துதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

முதலில் இரண்டு சொற்கள். மரபணு எழுத்துகளில் நேரும் மாற்றங்களைப் பிறழ்வுகள் என்போம். புற்றுநோய் ஆய்வாளர்கள் அவற்றை ‘ஓட்டுநர்’ என்றும் ‘பயணி’ என்றும் பிரிப்பார்கள். செல் கட்டுப்பாடில்லாமல் பெருகக் காரணமாக இருக்கும் பிறழ்வு ஓட்டுநர். அந்தச் செல்லில் ஏற்கெனவே இருந்ததால், அது பெருகும்போது கூடவே பெருகிப் போகும் பிறழ்வு பயணி. கூட்டம் நெரியும் பஸ்ஸில் ஓட்டுநர் ஒருவர்தான், அல்லது மிஞ்சிப்போனால் மூன்று நான்கு பேர். சிக்கல் என்னவென்றால், இந்த பஸ்ஸில் யாருக்கும் சீருடை கிடையாது.

கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே ஹிங்ஸ்டன் என்ற சிற்றூரில் சாங்கர் நிலையம் இருக்கிறது. மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு 2000ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டபோது அந்தப் பணியில் பெரும் பங்கு இந்த நிலையத்துடையது. அதே காலத்தில் மைக் ஸ்ட்ராட்டன், ரிச்சர்ட் வூஸ்டர், ஆண்டி ஃபியூட்ரியல் ஆகியோர் அங்கே ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரு நோயாளியின் புற்றுநோய்ச் செல்லையும் அதே ஆளின் இயல்பான செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மரபணு மரபணுவாக ஒப்பிட வேண்டும். இயல்பான செல்லில் இல்லாத மாற்றம் புற்றுநோய்ச் செல்லில் இருந்தால் அது பிறப்பில் வந்ததல்ல, வழியில் நேர்ந்தது. சொல்வதற்கு எளிது. அன்று ஒரு மரபணுவைப் படிக்கவே பெரும் உழைப்பு தேவைப்பட்டது. ஆகவே இருபதாயிரத்துச் சொச்சம் மரபணுக்களில் எங்கே தொடங்குவது என்பதே பெரிய முடிவு.

அவர்கள் முன்பே சந்தேகத்துக்குள்ளான ஒரு தெருவிலிருந்து தொடங்கினார்கள். ராஸ் என்ற மரபணு மனிதப் புற்றுநோயில் பங்குகொள்வது 1982 முதலே தெரியும். செல்லுக்கு வெளியிலிருந்து ‘வளர்’ என்ற செய்தி வந்தால் ராஸ் அதை வாங்கி ராஃப் என்ற புரதத்திடம் கொடுக்கும். ராஃப் அதை மெக்கிடமும், மெக் அதை எர்க்கிடமும் கைமாற்றும். எர்க் கருவுக்குள் சென்று பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும். இந்தத் தொடரோட்டத்தில் முதல் ஆள் கெட்டுப்போவது தெரிந்த கதை என்றால், அடுத்தடுத்த ஆட்கள் கெட்டுப்போவதில்லையா? இதுதான் கேள்வி.

பதினைந்து புற்றுநோய்ச் செல்வரிசைகளையும் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) அவற்றுக்கு இணையான இயல்பான செல்களையும் எடுத்துப் பார்த்தார்கள். மூன்றில், ராஃப் குடும்பத்தைச் சேர்ந்த பிராஃப் என்ற மரபணு மாறியிருந்தது. அந்த மூன்றில் ஒன்று மெலனோமா, இரண்டு நுரையீரல் புற்றுநோய். மேலும் 530 செல்வரிசைகளுக்கு விரித்தார்கள். பிறகு நோயாளிகளின் கட்டிகளுக்குப் போனார்கள். 2002 ஜூனில் முடிவு வெளியானது. மெலனோமாக்களில் 66 விழுக்காட்டில் பிராஃப் பிறழ்ந்திருந்தது. அந்தப் பிறழ்வுகளில் எண்பது விழுக்காடு ஒரே இடத்தில், ஒரே மாற்றம்: தைமின் என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அடினைன் என்ற எழுத்து. அதனால் புரதத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளுட்டாமிக் அமிலம்.

இவர்கள் மெலனோமாவைத் தேடிப் போகவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்லா வகைப் புற்றுநோய்களையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள், மெலனோமா தானாகவே முன்னால் வந்து நின்றது. முன்முடிவோடு ஒரு நோயை மட்டும் துருவியிருந்தால் இந்த 66 என்ற எண்ணின் கனம் தெரிந்திருக்காது. மற்ற நோய்களோடு ஒப்பிட்டதால்தான் அது கண்ணில் அறைந்தது.

அந்த ஒரே எழுத்து என்ன செய்கிறது? பிராஃப் புரதத்தில் ஒரு கண்ணி உண்டு. அங்கே பாஸ்பேட் வந்து ஒட்டும்போதுதான் புரதம் விழிக்கும். பாஸ்பேட் எதிர்மின்னூட்டம் கொண்டது. குளுட்டாமிக் அமிலமும் எதிர்மின்னூட்டம் கொண்டது. அது கண்ணியில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டதும், பாஸ்பேட் வந்துவிட்டது போலப் புரதம் ஏமாந்து விழித்தே இருக்கிறது. மேலிருந்து ராஸ் எந்தச் செய்தியும் அனுப்பத் தேவையில்லை.

ஒரு சிறு தகவல். முதல் கட்டுரையில் இந்தப் பிறழ்வின் பெயர் வி599இ, அதாவது புரதத்தின் 599ஆம் இடத்தில் வேலினுக்குப் பதில் குளுட்டாமிக் அமிலம். அன்றைய தரவுத்தளத்தில் பிராஃப் மரபணுவின் தொடக்கப் பகுதி பிழையாகப் பதிவாகி, ஓர் அமினோ அமிலத்துக்கான மூன்றெழுத்து விடுபட்டிருந்தது. அது திருத்தப்பட்டதும் எல்லாம் ஓர் எண் தள்ளிப்போய் வி600இ ஆயிற்று. பழைய கட்டுரைகளைப் படிக்கும் மாணவர்கள் இவை இரண்டு வெவ்வேறு பிறழ்வுகள் என்று நினைத்துக் குழம்புவதுண்டு. இரண்டும் ஒன்றே.

இந்த வெற்றிக்குப் பக்கத்திலேயே ஒரு புதிர் இருந்தது. மெலனோமாவுக்குப் பெரிய காரணம் வெயில். புறஊதாக் கதிர் மரபணு இழையில் ஒரு தனி முத்திரையைப் பதிக்கும். சைட்டோசினோ தைமினோ அடுத்தடுத்து இருக்கும் இடங்களில் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். அதைச் செல் தவறாகப் படிக்கும்போது சைட்டோசின் தைமினாக மாறும். சில சமயம் இரட்டைச் சைட்டோசின் இரட்டைத் தைமின் ஆகும். ஆனால் வி600இ தைமின் அடினைனாக மாறியது. வெயிலின் வழக்கமான கையெழுத்து இது இல்லை. வெயிலால் வரும் நோயின் முதன்மை ஓட்டுநரிடம் வெயிலின் கைரேகை இல்லை! எத்தனை முறை எதனால் நடந்தது என்பதும், நடந்த பிறகு எது செல்லுக்கு ஆதாயம் தந்தது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பது இந்த ஓர் இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்த அதிர்ச்சி 2003இல் வந்தது. சாதாரண மச்சங்களைப் பரிசோதித்தபோது 82 விழுக்காட்டில் அதே பிராஃப் பிறழ்வு இருந்தது. நாம் பிறர் முகத்தில் பார்த்து அதிர்ஷ்டம் என்று சொல்கிற, பலன் பார்க்கத் தனிச் சாஸ்திரமே வைத்திருக்கிற அதே மச்சம்! பெரும்பாலான மச்சங்கள் வாழ்நாள் முழுவதும் மச்சங்களாகவே இருந்துவிடுகின்றன. பிராஃப் விழித்ததும் நிறமிச் செல்கள் கொஞ்ச காலம் பெருகுகின்றன, பிறகு செல் தனக்குத்தானே பிரேக் போட்டு நின்றுவிடுகிறது. அந்த நின்றுபோன கூட்டம்தான் மச்சம். அப்படியானால் ஓட்டுநர் ஒருவர் போதாது. பிரேக்கைக் கழற்றும் ஆளும் வேண்டும். சிடிகேஎன்2ஏ என்ற மரபணு பிரேக்குகளில் ஒன்று, அது இழக்கப்படும்போது நோய் ஊடுருவும் நிலைக்குப் போகிறது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. 2015இல் ஒரு குழு, மெலனோமாவையும் அதை ஒட்டியே இருந்த அதன் மூல மச்சத்தையும் தனித்தனியே படித்து, இந்த மாற்றங்கள் எந்த வரிசையில் சேர்கின்றன என்பதையே எழுதிக்காட்டியது. பிராஃப் முதலில், சிடிகேஎன்2ஏ இழப்பு பிற்பாடு.

மருந்துக்கு வருவோம். பரவிய மெலனோமாவுக்கு 1975 முதல் அமெரிக்காவில் டாகார்பசின் என்ற வேதிச்சிகிச்சைதான் நடைமுறையாக இருந்தது. அதனால் கட்டி சுருங்கியவர்கள் சிலரே. பிராஃப் கண்டுபிடிக்கப்பட்டதும் சோராஃபெனிப் என்ற மருந்து முயலப்பட்டது. பிராஃபையும் தடுக்கும், வேறு பலவற்றையும் தடுக்கும். பயனில்லை. இலக்கே தவறோ என்று சிலர் ஐயப்பட்டார்கள். பிறகு கலிபோர்னியாவில் பெர்க்லியில் இருந்த பிளெக்ஸிகான் என்ற சிறு நிறுவனம், பிறழ்ந்த பிராஃபுக்கே பொருந்தும் ஒரு மூலக்கூறைச் செதுக்கியது. அதுதான் வெமுராஃபெனிப். முதல் சுற்றில் அதுவும் தோற்றது. காரணம், மாத்திரை வயிற்றில் சரியாக உறிஞ்சப்படவில்லை. மருந்தின் பொடியை வேறு வடிவத்தில் செய்த பிறகு, இரத்தத்தில் அளவு உயர்ந்தது, கட்டிகள் கரைந்தன.

இங்கே ஓர் எண்ணைக் கவனிக்க வேண்டும். எர்க்கின் செயல்பாட்டை எண்பது விழுக்காட்டுக்கு மேல் அடக்கினால்தான் கட்டி சுருங்கியது. அதற்குக் கீழே அடக்கியவர்களிடம் பெரிய பலன் இல்லை. ஆக, சோராஃபெனிப்பின் தோல்வியை வைத்து இலக்கைச் சந்தேகித்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். ஓர் ஓட்டுநரைப் பாதி மட்டும் தடுத்துப் பார்த்துவிட்டு அவர் ஓட்டுநரே இல்லை என்று தீர்ப்பெழுதக் கூடாது. 2010இல் வெளியான முதல் கட்ட முடிவில், முழு அளவு மருந்து பெற்ற பிராஃப் பிறழ்வுள்ள 32 பேரில் 26 பேருக்குக் கட்டி சுருங்கியது. அவர்களில் இருவருக்கு முற்றாக மறைந்தது. 2011இல் 675 பேரிடம் டாகார்பசினோடு ஒப்பிட்டபோது, ஆறு மாத முடிவில் வெமுராஃபெனிப் பெற்றவர்களில் உயிரோடிருந்தவர்கள் 84 விழுக்காடு, டாகார்பசின் பெற்றவர்களில் 64. அந்த ஆகஸ்டில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. கண்டுபிடிப்பிலிருந்து மருந்துக்கடை வரை ஒன்பது ஆண்டுகள். புற்றுநோய் மருந்து வரலாற்றில் இது வேகமான பயணம்.

பிராஃப் எளிதான வழக்கு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ பாதிக் கட்டிகளில் ஒரே எழுத்து மாறியிருந்தால் அதைக் காண நுட்பம் அதிகம் தேவையில்லை. உண்மையான கடினம் அடுத்த கட்டத்தில்தான் தொடங்கியது. நூறில் நான்கைந்து கட்டிகளில் மட்டும் வரும் ஓட்டுநர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

2010இல் சாங்கர் குழு கோலோ-829 என்ற மெலனோமாச் செல்வரிசையின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டது. 33,345 எழுத்து மாற்றங்கள். பெரும்பகுதி வெயிலின் முத்திரை. 510 இடங்களில் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளும் சேர்ந்தே மாறியிருந்தன. புரதத்தைக் குறிக்கும் பகுதிகளில் விழுந்தவை 292 மட்டுமே. அந்த 292இல் 187 புரதத்தின் எழுத்தையே மாற்றின, மீதி 105 மாற்றவில்லை. இந்த விகிதத்தில்தான் விஷயம் இருக்கிறது. எந்தத் தேர்வும் இல்லாமல் கண்மூடித்தனமாகப் பிழைகள் விழுந்தாலும் ஏறத்தாழ இப்படித்தான் விழும். அதாவது, இந்த 187இல் மிகப் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாத பயணிகள். ஒரே ஒரு நோயாளியின் தொகுதியை எவ்வளவு துல்லியமாகப் படித்தாலும் ஓட்டுநர் யார் என்று அது தானாகச் சொல்லாது. கோலோ-829இல் வி600இ இருந்தது என்பதும் நமக்கு முன்பே தெரிந்திருந்ததால்தான் பொருள்பட்டது.

ஆகவே பலரைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், எந்த மரபணு திரும்பத் திரும்ப அடிபடுகிறது என்று எண்ண வேண்டும். எண்ணினார்கள். எண்ணியபோது வந்த பட்டியல் சிரமத்தைத் தந்தது. கட்டிகளின் எண்ணிக்கை கூடக் கூட ‘குற்றவாளிகளின்’ எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போயிற்று. பாஸ்டனை ஒட்டியுள்ள பிராட் மரபணு ஆய்வு நிலையத்தின் குழு 178 நுரையீரல் கட்டிகளை வைத்து இதை அம்பலப்படுத்தியது. வழக்கமான கணக்கில் 450 மரபணுக்கள் ஓட்டுநர் என்று வந்தன. அவற்றில் மூக்கில் வாசனை உணரும் மரபணுக்கள் இருந்தன. தசையில் இருக்கும் டைட்டின் இருந்தது. நுரையீரல் கட்டிக்கு வாசனை எதற்கு?

விடை கணக்கில் இருந்தது. டைட்டின் நம் உடலின் மிக நீளமான புரதம். அதன் மரபணு நீளமானதால் பிழை விழ இடம் அதிகம். வாசனை மரபணுக்கள் பெரும்பாலான செல்களில் அணைந்தே கிடப்பவை, செல் பிரியும்போது கடைசியாகப் படியெடுக்கப்படுபவை. அப்படிப்பட்ட இடங்களில் பழுது நீக்கும் வேலை மெதுவாக நடப்பதால் பிழைகள் தங்கிவிடுகின்றன. ஒரு மரபணுவின் சராசரிப் பிழை வீதத்தை எல்லா மரபணுவுக்கும் ஒன்றாக வைத்துக் கணக்கிட்டால் இப்படித்தான் முடியும். மரபணுவுக்கு மரபணு பின்னணி வீதத்தைத் திருத்திய பிறகு 450 என்பது 11 ஆகச் சுருங்கியது. இந்த ஓர் எண்ணைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மன அதிர்வு இன்னும் இருக்கிறது. நானூற்று முப்பத்தொன்பது பொய்க் குற்றச்சாட்டுகள்! ஒவ்வொன்றையும் தொடர்ந்து ஓர் ஆய்வகம் ஐந்தாண்டு செலவழித்திருக்கலாம்.

மெலனோமாவில் இந்தச் சிக்கல் இன்னும் கொடியது, ஏனெனில் புற்றுநோய்களிலேயே மிக அதிகப் பிழை சுமப்பவற்றில் இதுவும் ஒன்று. 2012இல் 121 கட்டிகளை ஆய்ந்த குழு ஒரு நல்ல வழியைக் கண்டது. ஒவ்வொரு மரபணுவிலும் புரதமாக மாறாத இடைவெளிப் பகுதிகள் உண்டு. அங்கே விழும் பிழைகளால் செல் ஆதாயமோ நட்டமோ பெறாது. அதே மரபணுவின் அந்தப் பகுதியையே அளவுகோலாக வைத்து, புரதப் பகுதியில் அதைவிட அதிகம் விழுந்திருக்கிறதா என்று கேட்டார்கள். அண்டை வீட்டை அளவாக வைத்து இந்த வீட்டை அளப்பது போல. ஆறு புதிய மரபணுப் பெயர்கள் வந்தன. அவற்றில் ராக்1 நிலைத்து நின்றது. யேல் பல்கலைக்கழகக் குழுவும் அதே ஆண்டு தனியாகத் தேடி அதே இடத்தில் வந்து நின்றது. வெயில்படும் தோலின் மெலனோமாக்களில் 9 விழுக்காட்டில் அதே ஒரு மாற்றம். இரண்டு குழுக்கள் இரண்டு வழிகளில் ஒரே வாசலுக்கு வருவதைவிட எனக்கு நம்பிக்கை தரும் சான்று வேறில்லை.

அந்த ஆறில் இன்னொன்று எஸ்டிகே19. அதன் கதை வேறு. அந்த மரபணுவில் ஒரே இடம் மீண்டும் மீண்டும் மாறியிருந்தது. ஓட்டுநரின் அடையாளம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2019இல் அதைத் தடுக்கும் மருந்து மூலக்கூறு வரை வந்து, எலிகளில் பயன் கண்டதாகவும் அறிவிக்கப்பட்டது. 2020இல் வேறொரு குழு ஓர் எளிய கேள்வியைக் கேட்டது: இந்தப் புரதம் உண்மையில் எங்கே தொடங்குகிறது? தரவுத்தளத்தில் எழுதியிருந்த தொடக்கம் தவறு என்றார்கள். செல்லில் இருப்பது அதைவிடச் சிறிய புரதம். தொடக்கம் பின்னால் தள்ளிப்போனதும் அந்தப் பிறழ்வு விழுந்த இடம் புரதத்துக்கு வெளியே போய்விட்டது. மரபணுவின் முன்வாசலில், புரதமாகவே மாறாத நிலத்தில் அது கிடந்தது. புரதத்தின் எந்த அமினோ அமிலத்தையும் அது மாற்றவில்லை.

அப்படியானால் ஒரே இடம் ஏன் மீண்டும் மீண்டும் மாறியது? மரபணுக்களின் முன்வாசலில் ஈடிஎஸ் என்ற குடும்பத்துப் புரதங்கள் வந்து உட்காரும். அவை உட்கார்ந்த இடத்தில் மரபணு இழை சற்றே வளைந்து, புறஊதாக் கதிரால் பிணைந்துகொள்ள மிக வசதியான கோணத்துக்கு வருகிறது. வெயில் அங்கே மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அடிக்கிறது. அதனால் பயனே இல்லாத பிழைகள் ஒரே புள்ளியில் குவிகின்றன. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் ஓட்டுநர் என்ற விதி இங்கே உடைந்துபோனது. அதே இடத்தில் அடிபட்டதற்கு, அடி அங்கே எளிதாக விழுகிறது என்பதும் ஒரு காரணமாகலாம்.

இதோடு ஒப்பிட வேண்டியது டெர்ட். அதே ஈடிஎஸ் புரதங்கள், அதே முன்வாசல், அதே வெயில், ஆனால் நேர் எதிரான முடிவு. 2013 ஜனவரியில் பாஸ்டனிலிருந்தும் ஜெர்மனியின் ஹைடல்பர்கிலிருந்தும் இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வெளிவந்தன. செல் பிரியப் பிரிய குரோமோசோம்களின் நுனி தேயும். அதை மீட்டுத்தரும் நொதிக்கான மரபணு டெர்ட். வளர்ந்த செல்களில் அது பெரும்பாலும் அணைந்திருக்கும். பாஸ்டன் குழு பார்த்த 70 மெலனோமாக்களில் 50இல், டெர்ட் மரபணுவின் முன்வாசலில் இரண்டு குறிப்பிட்ட இடங்களில் ஒன்று மாறியிருந்தது. அந்த மாற்றம் ஈடிஎஸ் உட்கார ஒரு புது இருக்கையை உருவாக்கியது. இருக்கை கிடைத்ததும் புரதம் வந்து உட்கார்ந்தது, அணைந்த மரபணு எரியத் தொடங்கியது. எஸ்டிகே19இல் ஏற்கெனவே இருந்த இருக்கையால் பிழை வந்தது. டெர்டிலோ பிழையால் இருக்கை வந்தது. ஹைடல்பர்க் குழு ஒரு படி மேலே போய், பதினான்கு பேருக்கு மெலனோமா வந்த ஒரு குடும்பத்தில் டெர்ட் முன்வாசலிலேயே பிறப்பிலிருந்து ஒரு பிறழ்வு இருப்பதைக் காட்டியது.

இந்த டெர்ட் பிறழ்வு பிராஃபைவிடவும் அதிகமான மெலனோமாக்களில் இருக்கிறது. ஆனாலும் பதினோராண்டு தாமதமாகக் கிடைத்தது. காரணம் வெட்கப்பட வேண்டியதல்ல என்றாலும் மறக்கக் கூடாதது: எல்லோரும் புரதம் எழுதும் பகுதியை மட்டும் படித்துக்கொண்டிருந்தார்கள். மொத்தத் தொகுதியில் அது ஒன்றிரண்டு விழுக்காடுதான். அதை மட்டும் படிப்பது மலிவு, வேகம். பாஸ்டன் குழு இந்தக் கண்டுபிடிப்புக்குத் தொடக்கத்தில் பயன்படுத்தியது புதிய கட்டிகளைக்கூட அல்ல. முன்பே முழுதாகப் படித்து வெளியிட்டிருந்த தரவை எடுத்து, யாரும் பார்க்காத பக்கங்களைப் புரட்டினார்கள். விடை எப்போதோ அச்சாகிவிட்டிருந்தது.

2015இல் அமெரிக்காவின் பெரும் கூட்டுத்திட்டம் 333 மெலனோமாக்களை ஆய்ந்து, தோல் மெலனோமாவை நான்கு வகையாகப் பிரித்தது: பிராஃப் பிறழ்ந்தவை ஏறத்தாழ பாதி, ராஸ் பிறழ்ந்தவை கால் பங்குக்குச் சற்று மேல், ராஸை அடக்கிவைக்கும் என்எஃப்1 என்ற மரபணுவை இழந்தவை ஏழில் ஒன்று, இவை மூன்றும் இல்லாதவை மிச்சம். பிராஃபின் புகழ்பெற்ற பிறழ்வும் ராஸின் பிறழ்வும் ஒரே கட்டியில் ஒன்றாக இருப்பது அரிது. அதுவும் ஒரு சான்றுதான். ஒரே தெருவில் ஒருவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் ஏற வேண்டிய அவசியம் இல்லை.

இப்போது அந்த மூன்றாவது புகைப்படம். எட்டு வாரத்தில் என்ன நடந்தது?

இரத்தப் புற்றுநோயில் இமாட்டினிப் மருந்து தோற்றபோது, காரணம் மருந்து ஒட்டும் இடத்திலேயே இருந்தது. இலக்குப் புரதத்தில் இரண்டாவது பிறழ்வு வந்து மருந்தைத் தள்ளிவிட்டது. எல்லோரும் பிராஃபிலும் அதையே எதிர்பார்த்துத் துருவினார்கள். கிடைக்கவில்லை. பிராஃப் அப்படியே இருந்தது, மருந்தும் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மனிதரின் சிகிச்சைக்கு முந்தைய கட்டியையும் திரும்பி வந்த கட்டியையும் எடுத்து 138 மரபணுக்களில் ஒப்பிட்டார்கள். திரும்பி வந்ததில் மட்டும் மெக்1இல் ஒரு புதிய மாற்றம் இருந்தது. தொடரோட்டத்தில் பிராஃபுக்கு அடுத்த ஆள். முதல் ஆளின் கையைக் கட்டினோம், இரண்டாவது ஆள் செய்தியை வாங்காமலேயே ஓடத் தொடங்கிவிட்டான். வேறு நோயாளிகளில் வழி வேறாக இருந்தது. சிலரில் ராஸ் புதிதாகப் பிறழ்ந்தது, சிலரில் பிராஃப் புரதமே குட்டையான வடிவில் வெட்டி ஒட்டப்பட்டு இரண்டிரண்டாகச் சேர்ந்து மருந்தைத் தாண்டியது. ஏறத்தாழ எல்லா வழிகளும் எர்க்கில்தான் போய் முடிந்தன.

திரும்பி வந்த நோய் அந்த மனிதருக்கும் அவர் வீட்டாருக்கும் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இந்தப் படங்களை என்னால் பார்க்க முடிவதில்லை. ஆனால் அறிவியலாக நின்று பார்த்தால், பிராஃப் உண்மையான ஓட்டுநர் என்பதற்கு மூன்றாவது படம் இரண்டாவது படத்தைவிட வலுவான சான்று. நோய் அதே தெருவை மீண்டும் திறக்க இவ்வளவு பாடுபட்டிருக்கிறது. தேவையில்லாத தெருவுக்கு இவ்வளவு வழி தேடாது.

அந்தப் பாடம் உடனே சிகிச்சையாயிற்று. பிராஃபையும் மெக்கையும் ஒருசேரத் தடுக்கும் இணை மருந்துகள் 2014இல் அனுமதி பெற்றன. அப்படி இணையாகச் சிகிச்சை பெற்ற 563 பேரை ஐந்தாண்டு பின்தொடர்ந்தபோது 34 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் இதே ஆண்டுகளில் வளர்ந்து, இன்று பலருக்கு முதல் சிகிச்சையாகிவிட்டன. அவற்றுக்கு பிராஃப் தேவையே இல்லை. ஓட்டுநர் தேடல் வீண் என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் தேடலின் பலனை மட்டும் பேசி இந்த உண்மையை மறைப்பது நேர்மையாகாது.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் தோலில், வெயில்பட்ட இடத்தில் வந்த மெலனோமா. நம்மைப் போன்ற கறுத்த தோலுள்ளவர்களுக்கு மெலனோமா அரிது. வரும்போது பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தின் அடியில் வருகிறது. பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தின் அடியில் வந்தது இதுவே. 1981இல், 36 வயதில் இறந்தார். இந்த வகையில் வெயிலின் முத்திரை மிகக் குறைவு, எழுத்துப் பிழைகளும் குறைவு, பிராஃப் பிறழ்வும் குறைவு. 2017இல் 183 மெலனோமாக்களின் முழுத் தொகுதியையும் படித்த ஆஸ்திரேலியக் குழு காட்டியது: இங்கே எழுத்து மாறுவதைவிட, குரோமோசோம் உடைந்து தவறாக ஒட்டுவதும், சில துண்டுகள் பல படிகளாகப் பெருகுவதும்தான் அதிகம். எழுத்துகளை எண்ணும் கருவிகள் இந்த நோய்க்குப் போதாது.

2006இல் இந்த வகையில் கிட் என்ற மரபணு மாறியோ பெருகியோ இருப்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்று வந்தது. பின்னால் வந்த தொகுப்புகளில் பிறழ்வு மட்டும் எடுத்தால் அளவு குறைந்தது. கிட்டைத் தடுக்கும் இமாட்டினிப்பை, கிட் மாறியவர்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தபோதும் கட்டி சுருங்கியவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. பிராஃப் மருந்தில் 32 பேரில் 26 பேருக்கு, அதாவது 81 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உள்ளங்கால் மெலனோமாவின் பல கட்டிகளில் ஓட்டுநர் யார் என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடப்பது புரியும். மேற்கில் எண்ணிக்கை குறைவு என்பதால் அங்கே மாதிரிகள் குறைவு. மாதிரிகள் கிடைக்கக்கூடியது ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும்தான். இங்கேயோ உள்ளங்காலில் ஒரு கறுத்த திட்டு பரவினால் ஆணி என்றோ, முள் குத்திய காயம் என்றோ, பித்தவெடிப்பு என்றோ மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். சிலர் தாங்களே பிளேடால் சீவிக்கொள்கிறார்கள். மருத்துவரிடம் போய் வெட்டி எடுத்தாலும் அந்தத் துண்டு திசுப் பரிசோதனைக்குப் போகாமல் குப்பைக்குப் போனால், நோயாளிக்கு நோயின் பெயரும் தெரியாது, தேடுபவர்களுக்கு மாதிரியும் கிடைக்காது. உள்ளங்காலில் புதிதாக வந்து வளரும் கறுப்பு எதுவானாலும், வெட்டப்பட்ட துண்டு கண்டிப்பாகத் திசுப் பரிசோதனைக்குப் போகிறதா என்று கேட்டுப் பெறுங்கள்.